வாய்பாட்டை மறைத்து வகுப்பை வழங்குவதோ?

பட்டமளிப்பு விழாவிலே ஒரு பட்டதாரியின் பெயரோடு சேர்த்து வாசிக்கப்படும் சொற்கள் மிகச் சிலவே. முதலாம் வகுப்பு என்பர். இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு என்பர். இரண்டாம் வகுப்பு கீழ்ப்பிரிவு என்பர். வகுப்பெதுவுஞ் சொல்லப்படாவிடின் சாதாரண சித்தியென்று சபையோர் தாமே விளங்கிக்கொள்வர். நான்காண்டு உழைப்பு முழுவதும் அச்சில சொற்களுள் அடங்கிவிடுகின்றது. அச்சொற்களைக் கொண்டே பல்கலைக்கழகங்கள் விரிவுரையாளரைத் தேர்ந்தெடுக்கின்றன. அச்சொற்களைக் கொண்டே பிறநாடுகளில் மேற்படிப்புக்கு இடமளிக்கப்படுகின்றது. புலமைப்பரிசில் வழங்குவோரும் முதலிற் கேட்பது அச்சொற்களையே.

இத்துணைப் பாரமான சொல் எவ்வாறு பிறக்கின்றது? பட்டம் பெற்றவரையே கேட்டுப் பாருங்கள். "புள்ளிகளைக் கூட்டிப் பார்த்திருப்பார்கள்" என்பதே பெரும்பாலும் நாம் பெறும் மறுமொழி. புள்ளிகளை வெறுமனே எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நிறுத்துப் பார்க்கின்றார்கள். நிறுப்பதற்கு நிறைகல் வேண்டும். அந்த நிறைகல்லைச் செய்தவர் யார்? எப்பொழுது செய்தார்? நிறுக்கப்படுபவருக்கு அதனைக் காட்டினாரா? இவையே இக்கட்டுரையிலே நாம் எழுப்பும் வினாக்கள்.

சந்தையிலே மரக்கறி விற்கும் வியாபாரியின் படிக்கல்லும் தராசும் ஆண்டுதோறும் அளவைத் திணைக்களத்தாராற் பரிசோதிக்கப்பட்டு முத்திரையிடப்படல் வேண்டும். முத்திரையில்லாப் படியால் நிறுத்தவன் நீதிமன்றத்திலே குற்றவாளியாக நிற்பான். ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு இந்நாடு அளித்திருக்கும் பாதுகாப்பு இது. ஒரு பிள்ளையின் நான்காண்டுக் கல்வியை நிறுக்கும் படிக்கல்லுக்கு முத்திரையிடுபவர் யார்?

நிறை என்பது யாது?

முதலிற் கணக்கை விளக்குவோம். கணக்கு விளங்காத இடத்திலே உரிமையும் விளங்காது.

இன்று நம் பல்கலைக்கழகங்களிற் கல்வி பாட அலகுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒவ்வோர் அரையாண்டிலும் மாணவர் சில அலகுகளைக் கற்றுப் பரீட்சை எழுதுவர். அலகுகள் யாவும் ஒரே அளவினவல்ல. ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பலகு உண்டு. மாணவர் இதனைக் கிரெடிற் என்பர். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு மதிப்பலகு என்பது, விரிவுரையும் தன்முயற்சிப் படிப்பும் எல்லாமுஞ் சேர்ந்து, ஏறத்தாழ 50 மணிநேர உழைப்பைக் குறிக்கும். நான்காண்டுச் சிறப்புப் பட்டத்துக்கு 120 மதிப்பலகுகள் வேண்டும். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 90 வேண்டும்.

பரீட்சையிற் பெற்ற புள்ளி முதலில் ஒரு தரமாக மாறும். அத்தரம் பின்னர் ஒரு தரப்புள்ளியாக மாறும். பல பீடங்களிற் கையாளப்படும் அட்டவணை இது: 70 புள்ளியும் அதற்கு மேலும் பெற்றால் 4.0, 65 முதல் 69 வரை 3.7, 60 முதல் 64 வரை 3.3, 55 முதல் 59 வரை 3.0, 50 முதல் 54 வரை 2.7, 45 முதல் 49 வரை 2.3, 40 முதல் 44 வரை 2.0. ஒவ்வோர் அலகிலும் பெற்ற தரப்புள்ளியை அவ்வலகின் மதிப்பலகாற் பெருக்கி, வந்த தொகைகளையெல்லாங் கூட்டி, மொத்த மதிப்பலகால் வகுப்பார்கள். கிடைப்பது தரப்புள்ளிச் சராசரி. அது 3.70 ஆயின் முதலாம் வகுப்பு, 3.30 ஆயின் இரண்டாம் வகுப்பு மேற்பிரிவு, 3.00 ஆயின் கீழ்ப்பிரிவு; 2.00 ஆயின் சித்தி.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு மாணவி நான்கு அலகுகளில் 72, 66, 58, 46 என்று புள்ளி பெறுகின்றாள். அவள் தரப்புள்ளிகள் முறையே 4.0, 3.7, 3.0, 2.3. அலகுகளின் மதிப்பலகுகள் 4, 3, 2, 1 என்று இருப்பின், தொகை 35.4, பத்தால் வகுத்தால் 3.54. இரண்டாம் வகுப்பு மேற்பிரிவுக்கு அது தாராளமாகப் போதும். அதே மாணவி, அதே விடைத்தாள்கள், அதே புள்ளிகள். மதிப்பலகுகள் மட்டும் 1, 2, 3, 4 என்று தலைகீழாய் இருந்தாலோ தொகை 29.6, சராசரி 2.96. கீழ்ப்பிரிவுதானும் கிடையாது! எல்லா அலகையும் சமமென்று கொண்டாற் சராசரி 3.25, அப்போது அவளுக்குக் கீழ்ப்பிரிவு.

வாசகர்கள் இதனை ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரே அறிவு, ஒரே உழைப்பு, ஒரே விடை. ஆயினும் மூன்று வெவ்வேறு முடிவுகள். அவள் மூளை மாறவில்லை. பரீட்சகரின் பேனை மாறவில்லை. நிறைகல் மட்டுமே மாறியது. அந்த நிறைகல்லை வைத்தவர் மனிதர். ஏதோவொரு கூட்டத்தில், ஏதோவொரு மேசையிலே, இந்தப் பாடத்துக்கு மூன்று, அந்தப் பாடத்துக்கு இரண்டு என்று தீர்மானித்தார்கள். அத்தீர்மானத்துக்குத் தக்க காரணம் இருக்கலாம். பெரும்பாலும் இருக்கவுஞ் செய்யும். அதிக நேரமும் அதிக உழைப்பும் வேண்டும் பாடத்துக்கு அதிக நிறை என்பது நியாயமானதே. ஆனால் அக்காரணம் எழுத்திலே இருக்கின்றதா என்பதே கேள்வி.

படிக்கட்டிலே தொலைந்த புள்ளிகள்

நிறையினாற் பிறக்கும் வேறுபாடு ஒருபுறமிருக்க, புள்ளி தரமாக மாறும் படியிலே நிகழும் இழப்பைப் பலரும் கவனிப்பதில்லை. சமமான மதிப்பலகுடைய நான்கு பாடங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவன் 70, 70, 65, 60 பெறுகின்றான். மொத்தம் 265, சராசரி 66.25. அவன் தரப்புள்ளிகள் 4.0, 4.0, 3.7, 3.3, சராசரி 3.75. அவனுக்கு முதலாம் வகுப்பு. இன்னொருவன் 84, 69, 69, 64 பெறுகின்றான். மொத்தம் 286, சராசரி 71.5. அவன் தரப்புள்ளிகளோ 4.0, 3.7, 3.7, 3.3, சராசரி 3.675. முதலாம் வகுப்பு அவனுக்கில்லை.

இருபத்தொரு புள்ளி கூடுதலாக எடுத்தவன் கீழே நிற்கின்றான். குறைவாக எடுத்தவன் மேலே நிற்கின்றான். இஃது எவருடைய வஞ்சகமுமன்று. எவரும் பொய்க்கணக்கு எழுதவில்லை. 70 எடுத்தவருக்கும் 100 எடுத்தவருக்கும் ஒரே 4.0 என்றும், 69க்கும் 70க்கும் இடையில் முழுப் படியொன்று உண்டு என்றும் விதித்த அட்டவணையின் விளைவு இது. படிக்கட்டு முறைக்கும் நியாயம் உண்டு. ஒரு பரீட்சகர் 68 என்றதை மற்றவர் 70 என்பார். ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் பொன்னெனப் பிடித்துக்கொள்ளலாகாது என்பது அதன் அடிப்படை. நல்லது. ஆனால் படிக்கட்டின் ஓரத்திலே நிற்பவனுக்கு ஒரு புள்ளி உண்மையாகவே பொன்னாகிவிடுகின்றது என்பதையும் அம்முறையை வகுத்தோர் ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

உச்சமும் எங்கும் ஒன்றாயிருக்கவில்லை. மொறட்டுவையிற் பொறியியல் கற்ற பட்டதாரிகள் பலர் 4.2 என்னும் உச்சத்தின்மேல் அளக்கப்பட்டவர்கள். பிற இடங்களில் உச்சம் 4.0. ஆகவே, "எனக்கு 3.7" என்று ஒருவர் கூறின், எந்தத் தராசில் என்று கேட்டறியாமல் அதன் பெறுமதியைச் சொல்ல இயலாது.

நூறிலொரு பங்கின் விலை

வகுப்பின் எல்லைக்கோட்டிலே நிற்பவரின் கதி இன்னும் கவலைக்குரியது. 120 மதிப்பலகுக்கு ஒருவருடைய மொத்தம் 395.4 என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் 3.295. இரண்டு தசமதானத்துக்கு முழுமையாக்கினால் 3.30, மேற்பிரிவு. மூன்றாம் தானத்தை வெட்டிவிட்டால் 3.29, கீழ்ப்பிரிவு. முழுமையாக்குவதா, வெட்டுவதா என்று விதியில் எழுதியிருத்தல் வேண்டும். எழுதியிராவிடின் அதனைத் தீர்மானிப்பவர் யார்? கணினியில் அவ்வாய்பாட்டை அடித்த எழுதுவினைஞரா? அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தது எந்தச் சட்டம்?

மீளத் தோற்றும் பரீட்சையின் விதியும் இத்தகையதே. முதல் முறை தவறிய அலகை இரண்டாம் முறை எழுதுவோர் எவ்வளவு சிறப்பாக எழுதினாலும் 2.0 தரப்புள்ளிக்கு மேல் வழங்கப்படாது என்பது பல பீடங்களின் விதி. திறமையாய் எழுதி 3.7 பெறத்தக்கவர் 2.0 உடன் நிற்பார். மூன்று மதிப்பலகுப் பாடமொன்றில் இதனால் வரும் இழப்பு 5.1; 120 ஆல் வகுத்தால் 0.0425. சிறிய எண்தான். ஆனால் 3.33 என்று நிற்கவேண்டியவரை அது 3.2875 என்று இறக்கிவிடும். மேற்பிரிவு போயிற்று!

நோயுற்றுப் பரீட்சைக்கு வரமுடியாதவருக்கு விலக்கு உண்டு. மருத்துவச் சான்றிதழை உரிய காலத்தில் உரிய முறையிலே சமர்ப்பித்தால் அவர் எழுதுவது முதல் முறையாகவே கொள்ளப்படும். உரிய காலம் எது, உரிய முறை எது என்பதை அறியாத மாணவரோ நோயோடு வகுப்பையும் இழக்கின்றார். பல்கலைக்கழகத்தின் படியை முதன்முறையாக மிதித்த குடும்பத்துப் பிள்ளைக்கு இவ்விதிகளை எடுத்துச் சொல்ல வீட்டில் எவருமில்லை. படித்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தமையனோ மாமனோ சொல்லிக்கொடுப்பார். இவ்வாறு, எழுதிக் காட்டப்படாத விதி ஏழையின் தலைமேலேயே முதலில் விழுகின்றது.

என்னிடம் ஆலோசனை கேட்டு வந்த தந்தையார் ஒருவர் மகளின் பெறுபேற்றுப் பத்திரத்தைக் கொண்டுவந்திருந்தார். 3.29. எந்தப் பல்கலைக்கழகம் என்பதை நான் இங்கு குறிப்பிடேன். "புள்ளியைக் கூட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை, ஐயா. எப்படிக் கணக்குப் பார்த்தார்கள் என்று மட்டும் காட்டச் சொல்லுங்கள்" என்றார் அவர். பீடத்திலே அவருக்குக் கிடைத்த மறுமொழி, "கொம்பியூட்டர் பார்த்தது" என்பதே. கணினி தானாக ஒன்றையும் பார்ப்பதில்லை. தனக்கிட்ட கட்டளையை நிறைவேற்றுகின்றது. அவர் கேட்டது அக்கட்டளையையே. அதனைக் கேட்க அவருக்கு உரிமையில்லையென்று எந்த நீதியுணர்ந்தவரும் சொல்லார்.

வகுப்புகள் வந்த நாட்டிலே

இவ்வகுப்புப் பெயர்கள் நமக்குப் பிரித்தானியாவிலிருந்து வந்தவை. 1921 இல் ஆரம்பிக்கப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டங்களுக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோதும் அதன் முதல் துணைவேந்தராயிருந்தவர் அரசியலமைப்புச் சட்ட அறிஞரான சேர் ஐவர் ஜெனிங்ஸ். ஆகவே, அந்நாட்டிலே இன்று வகுப்பு எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்று நோக்குவது பொருத்தமானதே.

இங்கிலாந்திலே மூன்றாண்டுப் பட்டத்துக்கு ஆண்டொன்றுக்கு 120 ஆக 360 மதிப்பலகு. முதலாம் வகுப்புக்கு 70, மேற்பிரிவுக்கு 60, கீழ்ப்பிரிவுக்கு 50, மூன்றாம் வகுப்புக்கு 40. முதலாமாண்டுப் புள்ளி பெரும்பாலும் வகுப்பிற் சேர்வதில்லை. இரண்டாமாண்டுக்கும் இறுதியாண்டுக்கும் எந்த விகிதத்தில் நிறை கொடுப்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே தீர்மானிக்கும். ஓரிடத்தில் இரண்டுக்கும் சமநிறை. ஓரிடத்தில் ஒன்றுக்கு இரண்டு. இன்னோரிடத்தில் ஒன்றுக்கு நான்கு. இரண்டாமாண்டில் 66 உம் இறுதியாண்டில் 71 உம் பெற்றவருக்குச் சமநிறையில் 68.5, மேற்பிரிவு. ஒன்றுக்கு நான்கு என்னும் நிறையிலோ சரியாக 70, முதலாம் வகுப்பு. மறுதலையாக, இரண்டாமாண்டில் 72 உம் இறுதியில் 68 உம் பெற்றவருக்குச் சமநிறையில் 70. ஒன்றுக்கு நான்கில் 68.8. ஒருவருக்கு வாழ்வளிக்கும் நிறை மற்றவரை வீழ்த்துகின்றது.

அங்கும் இதுபற்றிப் பெரும் வாதம் எழுந்தது. முதலாம் வகுப்புகள் பெருகியமைக்கு வாய்பாடுகளின் தளர்ச்சியுங் காரணமோ என்று கேட்கப்பட்டது. ஈற்றில் 2020 இல் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் அமைப்புகளே கூடி, வகுப்புக் கணிக்கும் வாய்பாடு எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதற்குப் பொதுக் கோட்பாடுகளை வெளியிட்டன. வாய்பாடு மாணவருக்கு விளங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும், அதன் காரணம் வெளிப்படையாகக் கூறப்படல் வேண்டும் என்பன அவற்றின் சாரம். அந்நாட்டின் வாய்பாடு நமக்கு வேண்டியதில்லை. அதனை வெளிச்சத்தில் வைத்துப் பேசும் வழக்கமே வேண்டியது.

நாம் மறக்கலாகாத பாடம்

புள்ளிக்கு நிறை வைப்பது வெறுங் கணிதம், அதில் அரசியலுக்கு என்ன வேலை என்று கேட்பாருளர். இக்கேள்வியை இந்நாட்டிலே, அதிலும் தமிழ் மக்களிடத்திலே கேட்பது வியப்புக்குரியது. 1971 இற் பல்கலைக்கழக அனுமதியிலே 400 புள்ளிகளுக்கு மருத்துவத்துக்குத் தமிழ் மொழியில் எழுதியவருக்கு 250 உம் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 உம் எல்லையாக வைக்கப்பட்டன. 1973 இல் மொழிவாரித் தரப்படுத்தல் வந்தது. 1974 இல் மாவட்டப் பங்கீடு சேர்ந்தது. அத்தரப்படுத்தல் புள்ளிவிபரவியலின் ஆடையணிந்து வந்த ஒரு வாய்பாடுதான். அதன் பயனாய் ஒரு தலைமுறையின் நெஞ்சில் விழுந்த வடு இன்னும் ஆறவில்லை.

பின்னர் 2001 முதல் இசட் புள்ளி முறை வந்தது. ஒரு பாடத்தின் சராசரியிலிருந்து மாணவர் எவ்வளவு விலகி நிற்கின்றார் என்பதை அப்பாடத்தின் நியம விலகலால் அளப்பது அது. 2011 இல் உயர்தரப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் புதிய பாடத்திட்டத்தில் ஒரு சாராரும் தோற்றினர். இருசாராரையும் ஒன்றாய்க் கலந்து இசட் புள்ளி கணித்தார்கள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 இல் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளி, இருசாராரையும் வேறுவேறாகக் கொண்டு மீளக் கணிக்கும்படி பணித்தது. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் ஒருங்கே பாதிக்கப்பட்ட விடயம் அது. வாய்பாடும் நீதிக்குக் கட்டுப்பட்டது, கணிதம் என்ற போர்வையால் அது நீதிமன்றத்தின் கண்ணுக்குத் தப்பமுடியாது என்பதை அத்தீர்ப்பு நிலைநாட்டிற்று.

பல்கலைக்கழக வாயிலிலே நிற்கும்போது நாம் ஒவ்வொரு தசமத்துக்கும் போராடுகின்றோம். வாயிலைக் கடந்து உள்ளே சென்றபின், அதே தசமங்கள் நம் பிள்ளைகளின் வகுப்பைத் தீர்க்கும்போது வாய்பேசாதிருக்கின்றோம். வாயிலிலே வேண்டிய நீதி கூடத்தினுள்ளே வேண்டாவோ?

மறுப்புரைகள்

"புள்ளியிடுவது அறிஞரின் தீர்ப்பு, அதிலே வெளியார் தலையிடலாகாது" என்பர் சிலர். முற்றிலும் உண்மை. ஒரு விடைத்தாள் 58 பெறுமா 61 பெறுமா என்று நீதிபதியோ சட்டத்தரணியோ அரசியல்வாதியோ சொல்லத் தகுதியற்றவர். விடைத்தாளை மீளத் திருத்தும் வேலையை நீதிமன்றங்களும் பொதுவாக ஏற்பதில்லை. ஆனால் மதிப்பீடு வேறு, கணக்கு வேறு. 58 என்று பரீட்சகர் இட்டபின், அந்த 58 எத்தனையாற் பெருக்கப்பட்டது, எத்தனையால் வகுக்கப்பட்டது, எந்தத் தானத்தில் வெட்டப்பட்டது என்பதிலே அறிஞரின் இரகசியம் எதுவுமில்லை. அது விதி. விதியாயின் பொதுமக்களின் பார்வைக்குரியது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டமும் நடைபெறும் பரீட்சையின் நேர்மைக்குக் குந்தகமானவற்றையே மறைக்க இடமளிக்கின்றது. வகுத்தற் கணக்கை வெளியிடுவதால் எந்தப் பரீட்சைக்குக் குந்தகம்?

"வாய்பாட்டை அறிந்தால் மாணவர் இலகுவான பாடங்களைத் தேடி ஓடுவர்" என்பது வேறொரு மறுப்பு. இன்று அறிந்தவர்கள் ஓடிக்கொண்டேயிருக்கின்றார்கள், அறியாதவர்களே நிற்கின்றார்கள். எல்லாரும் அறிந்தபின் எவரும் இலாபமடைவதற்கில்லை. அன்றியும், இலகுவான பாடத்துக்கு அதிக நிறை வைத்திருந்தால் அது மாணவரின் குற்றமா, நிறை வைத்தவரின் குற்றமா?

"ஒவ்வொருவரின் கஷ்டத்தையும் பார்த்து இரங்குவதற்குப் பரீட்சைச் சபைக்குச் சுதந்திரம் வேண்டும்" என்பாரும் உளர். இரக்கம் நல்லதே. ஆனால் எழுதப்படாத இரக்கம் தெரிந்தவருக்குக் கிடைக்கும், தெரியாதவருக்குக் கிடையாது. எல்லையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்பவரைச் சபை கவனிக்கலாம், எக்காரணங்களைக் கவனிக்கலாம் என்பதை விதியிலே எழுதுக. கவனித்த காரணத்தைக் குறிப்பிலே பதிக. அப்போது இரக்கமும் நீதியாகும்.

வேண்டுவன

1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி கல்வி விடயங்களில் அதிகாரம் மூதவையிடமே உண்டு. அவ்வதிகாரத்தைப் பறிக்கவேண்டுமென்று நாம் கேட்கவில்லை. அதனை வெளிச்சத்தில் நின்று பிரயோகிக்கவேண்டுமென்றே கேட்கின்றோம். நம் கோரிக்கைகள் ஐந்து.

முதலாவது, மாணவர் பல்கலைக்கழகத்திற் சேரும் நாளிலேயே, வகுப்புக் கணிக்கும் வாய்பாடு முழுவதும், மதிப்பலகு, தரப்புள்ளி அட்டவணை, தசமத்தை முழுமையாக்கும் விதி, மீளத் தோற்றுவோருக்கான எல்லை, மருத்துவ விலக்கு ஆகிய யாவும், செய்துகாட்டிய உதாரணக் கணக்கோடு கையேட்டில் அச்சிட்டுக் கொடுக்கப்படல் வேண்டும். தமிழிற் கற்கும் மாணவருக்குத் தமிழிலேயே கொடுக்கப்படல் வேண்டும். தமிழிற் பாடங் கற்பித்து, தமிழிற் பரீட்சை நடத்தி, விதியை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருப்பது பொருந்தாது.

இரண்டாவது, சேர்ந்த நாளிலிருந்த விதியே அந்த அணியினரைப் பட்டம்வரை ஆளுதல் வேண்டும். நடுவழியில் மாற்றவேண்டி வரின் புதிய அணியினருக்கே அது செல்லும். பழைய அணியினருக்கு நன்மையாயின் மட்டுமே அவர்களுக்கும் பொருந்தும். பந்தயம் ஓடிக்கொண்டிருக்கும்போது முடிவுக்கோட்டை நகர்த்துவது நீதியன்று. பொது அதிகாரியொருவர் தாம் வெளியிட்ட விதியை நம்பி நடந்தவரின் நியாயமான எதிர்பார்ப்பைக் காரணமின்றி முறிக்கலாகாது என்பதை நம் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டுள்ளன. அரசியலமைப்பின் 12(1) ஆம் உறுப்புரை வழங்கும் சமத்துவமும் இதற்குத் துணைநிற்கும்.

மூன்றாவது, ஒரு பாடத்துக்கு இன்ன நிறை என்று தீர்மானிக்கும்போது அதன் காரணமும் மூதவைக் குறிப்பிலே எழுதப்படல் வேண்டும். ஐம்பது மணிநேர உழைப்புக்கு ஒரு மதிப்பலகு என்று விதித்தபின், நூற்றைம்பது மணிநேரம் வாங்கும் பாடத்துக்கு இரண்டு மதிப்பலகு கொடுப்பது உழைப்பைக் களவெடுப்பதாகும்.

நான்காவது, பட்டதாரி ஒவ்வொருவருக்கும் பெறுபேற்றோடு ஒரு கணக்குத் தாளும் வழங்கப்படல் வேண்டும். ஒவ்வோர் அலகின் தரப்புள்ளி, மதிப்பலகு, பெருக்கற்றொகை, மொத்தம், வகுத்த ஈவு என்பன அதிலே நிரைநிரையாய் இருத்தல் வேண்டும். பத்தாம் வகுப்புக் கணிதம் தெரிந்த எவரும் சரிபார்க்கத்தக்கதாய் அது அமைதல் வேண்டும். கணினியுள்ள காலத்திலே இதற்கு ஒரு தாளின் செலவுதான்.

ஐந்தாவது, கணக்கிற் பிழையென்று கருதுவோர் முறையிடுவதற்கு, விடைத்தாள் மீளாய்வுக்கு வேறான, கட்டணமற்ற, குறித்த நாளுக்குள் எழுத்தில் மறுமொழி தரும் ஒரு வழி வேண்டும். மறுமொழி பட்டமளிப்புக்கு முன்னர் கிடைத்தல் வேண்டும். விழா முடிந்து, பதவிக்கு வேறொருவர் நியமனமாகி, ஓராண்டு சென்றபின் வரும் திருத்தத்தால் யாருக்கு என்ன பயன்?

இக்கோரிக்கைகளில் ஒன்றேனும் எந்தப் பேராசிரியரின் சுதந்திரத்தையும் தொடவில்லை. எந்த மாணவருக்கும் ஒரு புள்ளிதானும் இலவசமாய்க் கேட்கவில்லை. இவற்றை நிறைவேற்றப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. பாராளுமன்றத்தின் அனுமதி வேண்டியதில்லை. மூதவையின் ஒரு தீர்மானம் போதும். சில பீடங்கள் இவற்றுட் சிலவற்றை இப்போதே செய்துவருகின்றன. அவற்றை மனமாரப் பாராட்டுகின்றோம். சில பீடங்களால் இயன்றது மற்றவற்றாலும் இயலும்.

மாணவர் ஒன்றியங்களுக்கு நாம் சொல்வது இது. விடுதிக்கும் உணவுச்சாலைக்கும் கொடி பிடிக்கும் நீங்கள், உங்கள் வாழ்வைத் தீர்க்கும் அந்த ஒற்றை வகுத்தற் கணக்கையும் உங்கள் கோரிக்கைப் பட்டியலிற் சேருங்கள். உங்கள் பீடத்தின் கையேட்டை இவ்வாரமே எடுத்துப் பாருங்கள். அதிலே முழு வாய்பாடும் இருக்கின்றதா என்று தேடுங்கள். இல்லையேல் எழுத்திற் கேளுங்கள். எழுத்திற் கேட்டதற்கு எழுத்தில் மறுமொழி பெறும்வரை ஓயாதீர்கள்.

பெற்றோருக்குச் சொல்வது அதனினும் சிறிது. உங்கள் பிள்ளை பட்டம் பெற்று வரும்போது, என்ன வகுப்பு என்று கேட்பதோடு நில்லாது, அது எப்படி வந்தது என்றும் கேளுங்கள். பிள்ளைக்கு விடை தெரியாதாயின், அவ்விடையைச் சொல்லவேண்டிய கடமை பல்கலைக்கழகத்துக்குரியது.